118 அடி கமலா

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான், நான் மீட்டெடுத்த குமாரி கமலாவின் பழைய நாட்டியப் பிலிம் துண்டு படமும் பாட்டும் ஒன்றாக ஓடியது. மொத்தம் 3 நிமிடம் 17 விநாடி. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, மறுபடி போடச் சொன்னார். இரண்டாவது தடவை முடிந்ததும், "இப்பதான்டா கால் தெரியுது" என்றார். பாராட்டு அவ்வளவுதான். அதற்கு எனக்கு ஆன கணக்கு: பத்து மாதம், 38,000 ரூபாய், பிலிம் ஓரத்தில் கிழிந்துபோன பதினோரு துளைகள்.

மயிலாடுதுறையில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ, இதுதான் பிழைப்பு. பிலிம் ரோல் காலத்தில் தொழிலுக்கு வந்தவன் என்றாலும், சினிமா ரீலைக் கையால் தொட்டதில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, யாரோ ஒரு டூரிங் டாக்கீஸ்காரர் வீட்டுக் குடோனைக் காலி செய்ததில் ஒரு தகரப் பெட்டி வந்திருக்கிறது, உனக்கு ஆகுமா என்று கேட்டார். உள்ளே 16 எம்.எம். ரீல் இரண்டு. எடைக்குப் போட்டால் ஐம்பது ரூபாய் பெறாது. 1,200 கேட்டார், கொடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், முழுப்படம் எதுவும் இல்லை. பல படங்களிலிருந்து வெட்டி ஒட்டிய துண்டுகள். இடைவேளையில் ஓட்டுவதற்கோ, ரீல் மாற்றும்போது கூட்டத்தைச் சமாளிப்பதற்கோ யாரோ தயார் செய்து வைத்திருக்கிறார்கள். முதல் ரீலில் ஓர் அழுகைக் காட்சிக்கு அடுத்து, ஒரு சின்னப் பெண் ஆடுகிறாள். அந்தத் துண்டு 118 அடி. அத்தையிடம் போனில் நாலு ஃபிரேமைப் படம் எடுத்துக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில், "குமாரி கமலாடா. நாம் இருவர்!" என்றார்.

‘நாம் இருவர்’ 1947இல் வந்த ஏவி.எம். படம். காரைக்குடியில் ஸ்டுடியோ இருந்த காலத்தில் எடுத்தது. பாரதியின் ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே’வை டி.கே. பட்டம்மாள் பாட, கமலா ஆடினார். சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பே வெளியான படத்தில், சுதந்திரம் வந்தே விட்டதாக ஆடுகிற பாட்டு. அப்போது கமலாவுக்கு 12 வயது. பிறந்தது இதே ஊரில், மாயூரம் என்றிருந்த 1934இல். குரு வழுவூர் இராமையா பிள்ளை. வழுவூர் இங்கிருந்து ஸ்கூட்டரில் போகிற தூரம்தான். அத்தையும் அதே பாணியில் பயின்று, வீட்டுக் கூடத்திலேயே நாற்பது வருடம் சொல்லிக் கொடுத்தவர். எனவே பெட்டி வந்து சேர்ந்த இடம் சரியான இடம்தான். ஆள்தான் சரியில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

முதல் தப்பு, புரொஜெக்டர். ரிட்டயரான ஆபரேட்டர் ஒருவரிடம் ஓடுகிற நிலையில் ஒரு 16 எம்.எம். புரொஜெக்டர் இருந்தது. அவர் பெட்டியைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்தார். புளித்த காடி வாசனை. அசிட்டேட் பிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் மாதிரி நாறும். "வேணாம் தம்பி, சுருங்கியிருக்கும்" என்றார். நான்தான் ஒரே ஒரு தடவை, பத்து அடி மட்டும் என்று கெஞ்சினேன். ஓடியது நாலு விநாடி. அப்புறம் தையல் மெஷினில் துணி சிக்கினாற்போல் ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் வரிசையாகப் பதினோரு துளைகளில் ஓரம் பிளந்திருக்கிறது. நல்ல வேளை, படம் இருக்கும் பகுதிவரை கிழிசல் வரவில்லை. ஆபரேட்டர் ஒன்றும் சொல்லவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

அன்று ராத்திரிதான் அளந்து பார்த்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. 16 எம்.எம். பிலிமில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் 7.62 மில்லிமீட்டர். அதாவது 100 ஃபிரேம் 762 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கண்ணாடி மேஜையில் இழுக்காமல் படுக்க வைத்து, எஃகு ஸ்கேலால் அளந்ததில் 754 வந்தது. ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே சுருக்கம். ஒரு சதவீதத்தை நெருங்கினாலே புரொஜெக்டரின் பல்லும் துளையும் ஒத்துப்போகாது, கிழித்துவிடும். அரை மணி நேர வேலை, எஃகு ஸ்கேல் 80 ரூபாய். இதை முதல் நாளே செய்திருந்தால் அந்தப் பதினோரு துளைகள் பிழைத்திருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் விஷயம். 16 எம்.எம். என்றால் பயமில்லை, ஆரம்பத்திலிருந்தே பாதுகாப்பு பிலிம்தான். விளிம்பில் ‘சேஃப்டி’ என்றே ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். ஆனால் 1950களின் தொடக்கம் வரை வந்த 35 எம்.எம். ரீல் பெரும்பாலும் நைட்ரேட் என்ற, எளிதில் தீப்பிடிக்கும் பிலிம். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. அப்படி ஒன்று கையில் கிடைத்தால் என்னைப் போல வீட்டு மேஜையில் வைத்துச் சோதனை செய்யாதீர்கள். புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள்.

சுத்தம் செய்வதிலும் ஒரு சறுக்கல். மெடிக்கலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, ஒதுக்குப்புறமான நாலு ஃபிரேமில் தடவிப் பார்த்தேன். பசைபோல் பிசுபிசுத்துவிட்டது. ஸ்பிரிட்டில் தண்ணீர் உண்டு, பிலிம்மேல் இருக்கும் ஜெலட்டின் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். கமலா துண்டில் தடவாமல் அழுகைக் காட்சியில் தடவிப் பார்த்தது மட்டும்தான் நான் செய்த புத்திசாலித்தனம். அப்புறம் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் லிட்டராக வாங்கினேன். வெல்வெட் துணியில் லேசாக நனைத்து, பிலிமை அதன் நடுவே மெதுவாக இழுக்க வேண்டும். ஓர் அடிக்கு ஒரு தடவை துணியின் இடத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பிடித்த தூசியே கீறல் போட்டுவிடும். 118 அடிக்கு மூன்று சாயங்காலம். துணியில் வந்த அழுக்கு காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. ஜன்னல் எல்லாம் திறந்து, அடுப்பு எரியாத நேரத்தில் செய்யுங்கள்.

துண்டுக்குள் மூன்று ஒட்டு. இரண்டு, பிலிம் சிமென்ட் போட்டு ஒட்டிய பழைய ஒட்டு, இன்றும் கெட்டி. மூன்றாவதை யாரோ கடையில் விற்கிற செல்லோ டேப்பால் ஒட்டியிருந்தார்கள். பசை ஒழுகி, பக்கத்துச் சுற்றுகளோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிரிக்க ஒரு முழு நாள். ஆல்கஹால் தொட்ட பஞ்சை ஒற்றி, பத்து நிமிடம் விட்டு, மூங்கில் பல்குச்சியால் தள்ளி, மறுபடி ஒற்றி. பிளேடு பக்கம் போகவே இல்லை. திரும்ப ஒட்டத் தேவையான, துளையிட்ட 16 எம்.எம். ஸ்பிளைசிங் டேப் உள்ளூரில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவழைக்க 2,800 ரூபாய். ஒட்டும் கட்டையை ஆபரேட்டரே இரவல் கொடுத்தார். புரொஜெக்டர் விஷயத்தை மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி ஸ்கேனர். சென்னையில் கொடுத்துச் செய்யலாம்தான். ஆனால் சுருங்கிய பிலிமைக் கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை, தவிர என் கையில் கேமரா இருக்கிறது. பல்சக்கரமே இல்லாமல் பிலிமை நகர்த்த வேண்டும், ஒவ்வொரு ஃபிரேமையும் நின்று நிதானமாகப் போட்டோ எடுக்க வேண்டும், இவ்வளவுதான் தேவை. பழுதான இங்க்ஜெட் பிரிண்டரின் ரப்பர் உருளையைக் கழற்றி, அளந்து அளந்து சுற்றும் ஒரு ஸ்டெப்பர் மோட்டாரில் மாட்டினேன். அதை ஓட்ட ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கட்டுப்பாட்டு போர்டு. பிலிம் கடந்து போகிற கேட்டை பித்தளைத் தகட்டில் ராவினேன். பாத்திரப் பட்டறைக்காரர் தகட்டுக்குக் காசு வாங்கவில்லை. மோட்டார், போர்டு, ஸ்க்ரூ, சுருள் மாட்டும் தட்டு எல்லாம் சேர்த்து 2,900. பெரிய செலவு லென்ஸ்: சின்னப் பொருளை அதன் அளவிலேயே, ஒன்றுக்கு ஒன்று எடுக்கிற மேக்ரோ, செகண்ட் ஹேண்டில் 14,500. இதைக் கல்யாண ஆல்பத்துக்கு மோதிரம் எடுக்கவும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

என் 24 மெகாபிக்சல் கேமராவில் ஒன்றுக்கு ஒன்று வைத்தால் பிலிமின் முழு அகலமும் விழுகிறது, துளை ஒரு பக்கம், ஒலிக்கோடு மறுபக்கம். உயரத்தில் இரண்டு ஃபிரேம் தெரிகிறது. படத்தை மட்டும் பார்த்தால் அகலம் சுமார் 2,600 பிக்சல். போதும். துளையோடு சேர்த்து எடுப்பது வீண் என்று முதலில் நினைத்தேன். உண்மையில் அதுதான் காப்பாற்றியது. உருளை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு நகர்த்துவதில்லை, படம் மேலும் கீழும் ஆடும். துளை படத்தில் இருந்தால் அதை அடையாளமாக வைத்து எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிறுத்தலாம். என் தங்கை பையன் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தான். அவனுக்குக் கூலி ஒரு பிரியாணி.

முதல் ஸ்கேனில் எல்லாப் படத்திலும் கோடு கோடாகக் கறுப்புப் பட்டை. இரண்டு வாரம் லென்ஸைச் சந்தேகப்பட்டேன், கேமராவைச் சந்தேகப்பட்டேன். குற்றவாளி எல்.இ.டி. விளக்கு. வெளிச்சத்தைக் குறைக்க அது நொடிக்குப் பல நூறு தடவை அணைந்து எரிகிறது. கண்ணுக்குத் தெரியாது, எலக்ட்ரானிக் ஷட்டருக்குத் தெரியும். டிம்மரைத் தூக்கிப் போட்டுவிட்டு 12 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்து, முன்னால் பால் நிற அக்ரிலிக் துண்டு வைத்தேன். பட்டை போய்விட்டது. விளக்கும் பேட்டரியும் 2,350. பேட்டரி வைத்ததில் கரண்ட் போனாலும் விளக்கு அணையாது என்பது உபரி லாபம்.

அப்புறம் தெருவில் போகிற பஸ். பஸ் போனால் மேஜை அதிர்கிறது, ஃபிரேம் கலங்குகிறது. ராத்திரி பதினொன்றுக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்தேன். இரண்டரை விநாடிக்கு ஒரு ஃபிரேம். ஓர் அடிக்கு 40 ஃபிரேம் வீதம் 118 அடிக்கு 4,720 ஃபிரேம். 24 ஃபிரேம் ஒரு விநாடிப் படம், ஆக ஒரு விநாடி ஆட்டத்தைப் பிடிக்கச் சரியாக ஒரு நிமிடம். 3 நிமிடம் 17 விநாடி நாட்டியம் 3 மணி 17 நிமிடம் ஓடியது. வேர்த்து ஒழுக அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு க்ளிக்குக்கும் கை ஒரு நூல் நகர்கிறது. ஒரு விரல் மடங்குவதை அவ்வளவு மெதுவாக நான் பார்த்ததே இல்லை.

ஒலிக்கு வருவோம். பிலிம் ஓரத்தில் வெள்ளையாக நெளிந்து போகும் கோடுதான் பாட்டு. அதைப் படத்திலிருந்தே ஒலியாக மாற்ற ஏ.ஈ.ஓ. லைட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, இலவசம். அடுத்தடுத்த ஃபிரேம்கள் ஓரத்தில் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பதிந்திருக்க வேண்டும் என்று கேட்கும். எனக்குத்தான் இரண்டு ஃபிரேம் விழுகிறதே, சரியாகப் போயிற்று. கரகரப்போடு பட்டம்மாள் குரல் ஸ்பீக்கரில் வந்த நிமிடம் கடையில் நான் தனியாக இருந்தேன். யாரைக் கூப்பிட்டுச் சொல்வது என்று தெரியாமல் ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி கேட்டேன்.

படத்தோடு சேர்த்தால் பொருந்தவில்லை. தட்டு முன்னால் விழுகிறது, கால் பின்னால் விழுகிறது. தாளம் தெரியாத எனக்கே உறுத்தியது. ஆபரேட்டரிடம் போனில் கேட்டதும் சிரித்தார். புரொஜெக்டரில் பிலிம் முதலில் படத்தின் கேட்டைத் தாண்டி, அப்புறம்தான் ஒலி விளக்குக்கு வரும். அதனால் ஒரு படத்துக்குரிய சத்தத்தை அதற்கு 26 ஃபிரேம் முன்னாலேயே அச்சடித்திருப்பார்கள். சத்தத்தை 26 ஃபிரேம், அதாவது ஒரு விநாடிக்குச் சற்று மேல், பின்தள்ளினேன். உட்கார்ந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. யாரோ கத்தரியால் நாட்டியத் துண்டை மட்டும் வெட்டினார்கள் அல்லவா, அவர்கள் வெட்டியது படத்தைத்தான். முதல் 26 ஃபிரேமுக்கான பாட்டு அதற்கு முந்தைய பிலிமில் போய்விட்டது. ஆகவே கமலா ஆட ஆரம்பிக்கும் முதல் விநாடியில் கேட்பது அந்த அழுகைக் காட்சிப் பெண்ணின் விசும்பல். அதை நான் அழிக்கவில்லை. மூலக் கோப்பில் அப்படியே இருக்கிறது. அத்தைக்குப் போட்டுக் காட்டுகிற பிரதியில் மட்டும் சத்தத்தை அடைத்து வைத்திருக்கிறேன்.

நடுவில் இருந்த செல்லோ டேப் ஒட்டில் ஃபிரேம்கள் போயிருந்தன. எத்தனை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வழி சொன்னது அத்தை. "தாளம் பொய் சொல்லாதுடா. முன்னாடி ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் எத்தனை எண்ணுற? அதே இந்த இடத்துல எத்தனை?" எண்ணினேன். 7 ஃபிரேம் குறைந்தது. மூன்று தடவை, வேறு வேறு இடத்திலிருந்து எண்ணினாலும் 7. அந்த இடத்தில் 7 கறுப்பு ஃபிரேம் வைத்தேன். ஒலியில் அந்த வெட்டு 26 ஃபிரேம் தள்ளி வரும், அங்கே 7 ஃபிரேம் மௌனம். கண் சிமிட்டுகிற நேரம் இருட்டு, பிறகு கால் சரியான தட்டில் விழுகிறது. பக்கத்து ஃபிரேமைக் காப்பி எடுத்து நிரப்பலாம்தான், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த 7 ஃபிரேமில் கமலா என்ன செய்தார் என்பதை நானாக வரைகிற மாதிரி ஆகிவிடும்.

இந்தப் புத்தி எனக்கு முதலிலேயே இருக்கவில்லை. அதைச் சொன்னால்தான் கணக்கு நேராகும். ஸ்கேன் முடிந்த கையோடு நான் செய்தது, படத்தைப் பளபளவென்று ஆக்குவது. தூசி நீக்கி, கீறல் நீக்கி, மழைபோல் விழும் கோடு எல்லாம் நீக்கி. விநாடிக்கு 24 ஃபிரேமை 60 ஆக்கும் மென்பொருளையும் ஓட்டினேன். சத்தத்தில் க்ளிக் நீக்கி, இரைச்சல் நீக்கி. இரண்டு ராத்திரி கம்ப்யூட்டர் ஓடியது. காலையில் பார்த்தால் நேற்று எடுத்த மாதிரி இருந்தது. பெருமையோடு அத்தை வீட்டு டிவியில் போட்டேன்.

அத்தை முழுதும் பார்த்தார். பிறகு ரிமோட்டை வாங்கி ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணு விரலோட நுனி எங்க?"

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். கை வேகமாகத் திரும்பும் இடம். விரல் நுனிகள் இல்லை, கரைந்த புகைபோல் இருக்கிறது. ஒரே ஒரு ஃபிரேமில் பளிச்சென்று வந்து மறைவது எதுவோ அதுதான் தூசி என்பது மென்பொருளின் கணக்கு. வேகமாகத் திரும்பும் விரலும் ஒரே ஒரு ஃபிரேமில்தான் அந்த இடத்தில் இருக்கும். தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டது. 60 ஆக்கிய பிரதியில் இதைவிடக் கொடுமை, இரண்டு ஃபிரேமுக்கு நடுவே அதுவாக ஒரு கையைக் கற்பனை செய்ததில் ஓர் இடத்தில் ஆறு விரல். அத்தை அதையும் நிறுத்திக் காட்டினார். "இது என்ன முத்திரைடா? நான் படிக்கலையே!"

சத்தத்திலும் அதே கதை. க்ளிக் என்பது திடீரென்று எழுந்து அடங்கும் ஒலி. மிருதங்கத்தில் விரல் விழும் முதல் கணமும் அப்படித்தான். அத்தனை தட்டின் முனையையும் மழித்துவிட்டிருந்தது. பஞ்சு மூட்டையில் அடித்த மாதிரி இருக்கிறது என்றார் அத்தை. கம்பளிப் போர்வைக்குள் இருந்து கேட்கிற மாதிரி என்று நான் எதையோ சொல்ல, "கிண்டல் பண்ணாத, எடுத்துட்டு ஒரிஜினலைப் போடு" என்றார்.

கீறலும் கரகரப்புமாக இருந்த முதல் ஸ்கேனை பென்டிரைவிலிருந்து போட்டேன். அத்தை நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து ஒரே விதி: நடனமாடும் உருவத்தின்மேல் எந்த ஃபில்டரும் ஓடக்கூடாது. பின்னணியில் நிற்கிற பெரிய அழுக்கை மட்டும் கையால் நீக்கினேன், அதுவும் உருவத்தைத் தொடாத இடமாகப் பார்த்து. மொத்தமே 60 ஃபிரேம் இருக்கும். வெளிச்சம் கூடிக் குறைவதை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் சமன் செய்தேன். ஒலியில் தாழ்ந்த உறுமலைக் குறைத்ததோடு சரி. மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கிறது.

வேகமும் படச் சட்டமும் (ஃபிரேமின் வடிவமும்) பாக்கி. அத்தையிடம் பல வருடம் முன்பு வாங்கிய ஒரு நாட்டியத் தொகுப்பு டிஸ்க் இருந்தது. அதில் இதே ஆட்டம் அவசரமாக இருப்பதாக எப்போதும் சொல்வார், நாங்கள் வயசாகிவிட்டது என்று சிரிப்போம். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தால் அத்தை சொன்னதுதான் சரி. டிவிக்காக 24 ஃபிரேமை 25 ஆக ஓட்டியிருக்கிறார்கள். நூற்றுக்கு நாலு வேகம் கூடும். என் 3 நிமிடம் 17 விநாடித் துண்டு அந்தக் கணக்கில் 3 நிமிடம் 9 விநாடியில் முடிந்துவிடும். சுருதியும் முக்கால் அரைஸ்வரம்போல ஏறிவிடும். பட்டம்மாளின் குரலை நாம் பலரும் அப்படித்தான் கேட்டுப் பழகியிருக்கிறோமோ என்னவோ!

அதைவிடப் பெரிய அநியாயம் காலை வெட்டுவது. அந்தக் காலத்துப் படச் சட்டம் கிட்டத்தட்டச் சதுரம். இன்றைய அகல டிவியை நிரப்ப மேலும் கீழும் சேர்த்துச் சுமார் கால் பங்கை வெட்டுகிறார்கள். பேசுகிற காட்சியில் தலைமுடி போகும், பரவாயில்லை. நாட்டியத்தில் கீழே இருப்பது கால். முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து, நாட்டடவு என்ற அடவுக்குக் காலை நீட்டிக் குதிகாலை ஊன்றினால் அந்தக் குதிகால் சட்டத்தின் அடி விளிம்பில்தான் விழுகிறது. அதை வெட்டிவிட்டால் மீதி இருப்பது இடுப்புக்கு மேலே கை வீசும் ஒரு குழந்தை. என் பிரதியில் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறது, ஆனால் கால் முழுதாக இருக்கிறது. ஃபிரேமின் ஓரம் வரை, ஒரு நூல் கூட வெட்டாமல்.

"இப்பதான்டா கால் தெரியுது" என்றது இதைத்தான்.

கால் தெரிந்ததும் அத்தை ஒரு நீள நோட்டை எடுத்தார். இடப்பக்கம் ஃபிரேம் எண், நடுவில் சொல்கட்டு (ஆட்டத்துக்கான ஜதிச் சொற்கள்), வலப்பக்கம் கை. நான் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் எண் விழும்படி ஒரு பிரதி செய்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு மணி நேரம். இதுவரை 1,400 ஃபிரேம் வந்திருக்கிறோம். கேமரா முகத்துக்குப் போய்க் கால் மறைகிற இடங்களில் அத்தை ஊகித்து எழுதுவதில்லை, ‘தெரியவில்லை’ என்று எழுதிக் கோடு போடுகிறார். ஓட்டத்துக்கு நடுவே சட்டென்று சிலைபோல் நிற்கிற இடங்கள் வந்தால், "இது வாத்தியார் வீட்டுச் சரக்கு" என்று, வழுவூராரைச் சொல்லி, ஒரு நட்சத்திரம். ஓர் இடத்தில், தான் நாற்பது வருடம் வலக்காலில் சொல்லிக் கொடுத்த ஒன்றைக் கமலா இடக்காலில் எடுக்கிறார். பிலிமைத் திருப்பி மாட்டிவிட்டேனா என்று என்னைக் கேட்டார். துளை இருக்கும் பக்கத்தையும் விளிம்பு எழுத்தையும் காட்டி இல்லை என்று நிரூபித்தேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து, புடவையைச் சொருகிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி இடக்காலில் ஒரு தடவை செய்து பார்த்தார். "அடுத்ததுக்கு இதுதான் வசதி" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

கமலா பின்னாளில் அமெரிக்கா போய், நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்டில் பள்ளி நடத்தினார். 1970இல் பத்மபூஷண் வாங்கியவர். அவரிடம் நேரில் கற்றவர்கள் அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். இந்த நோட்டு முடிந்ததும் அப்படி ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை.

பத்திரப்படுத்தியது: ஒரு ஃபிரேம் சுமார் 25 எம்.பி., 40 ஃபிரேம் ஓர் அடி, ஆக ஓர் அடி பிலிம் ஒரு ஜி.பி. 118 அடிக்கு 118 ஜி.பி. இரண்டு ஹார்ட் டிஸ்க் 11,200 ரூபாய், ஒன்று கடையில், ஒன்று அத்தை வீட்டு பீரோவில். துருப்பிடித்த தகரப் பெட்டியை எறிந்துவிட்டு, காற்று புகும் துளையுள்ள பாலிபுரோப்பிலீன் டப்பாக்கள் 1,900க்கு வாங்கினேன். காடி வாசனையை இறுக்கி மூடி வைத்தால் அந்த ஆவியே மேலும் கெடுக்கும். எங்கள் ஊர் ஈரத்துக்குத் தனியாக சிலிக்கா ஜெல் பை போட்டு, மாதம் ஒரு தடவை மாற்றுகிறேன். ஆல்கஹால், கையுறை, துணி 1,150. சேர்த்துக் கூட்டினால் கிட்டத்தட்ட முதலில் சொன்ன 38,000.

மறுபடி செய்வதென்றால், அளந்துவிட்டுத்தான் பெட்டியிலிருந்தே எடுப்பேன். ஒட்டுகள் எங்கெங்கே என்று முதலிலேயே அடி எண் போட்டுக் குறித்துவைப்பேன், ஒலியில் வந்த பாதிக் குழப்பம் குறைந்திருக்கும். அத்தையைப் பத்தாவது மாதம் அல்ல, முதல் வாரமே பக்கத்தில் உட்கார வைத்திருப்பேன்.

இரண்டாவது ரீலை நேற்று பிரித்தேன். வாசனை இன்னும் காட்டம். 100 ஃபிரேம் 748 மில்லிமீட்டர். அகலமும் குறைந்திருப்பதால் இப்போதைய கேட்டில் பிலிம் பக்கவாட்டில் ஆடுகிறது. பட்டறைக்காரரிடம் இன்னொரு பித்தளைத் தகடு கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை காசு கொடுத்தே வாங்க வேண்டும்.